என் மனைவி வைத்த குறித்துணை

ஏறக்குறைய ஐந்தாண்டுகள், ஞாயிற்றுக்கிழமைதோறும், என் மனைவியின் தம்பி என்னைச் சுட்டு வீழ்த்தினார். பசுமலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சித் திரையின் இடப்பாதி எனக்கும் வலப்பாதி அவருக்குமாகப் பிரிந்திருக்கும். பதினொரு மணிக்குத் தொடங்குவோம். சாப்பாட்டுக்கு என் மனைவி மூன்றாவது முறை குரல் கொடுக்கும்போது முடிப்போம். முதல் இரண்டு குரல்களை நாங்கள் இருவருமே கேட்காததுபோல் இருப்போம். அந்த ஒன்றில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

அந்தக் கேம் கன்சோல் எங்கள் இருவருக்காகவும் வாங்கப்பட்டதன்று. என் மனைவிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகள், தாயின் ஓய்வு நாட்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று விட்டுச்சென்றது. கணக்காசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என் மனைவி, அதில் கட்டங்களை அடுக்கும் விளையாட்டு ஒன்றைச் சில வாரம் ஆடினாள். எழுந்து நடக்கத் தொடங்கியதும் விட்டுவிட்டாள். அக்காளைப் பார்க்க வந்த தம்பிதான் அதற்குள் ஒரு துப்பாக்கி விளையாட்டு இருப்பதைக் கண்டுபிடித்தார். தனியாக ஆடிப் பார்த்து அலுத்து, எதிரில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னை அழைத்தார். நான் கல்லூரியில் முப்பத்தைந்து ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன். துப்பாக்கியைத் தொட்டதில்லை. அவர் மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மொத்த வியாபாரி, அவரும் தொட்டதில்லை.

விளையாட்டை அறியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரு கைகளாலும் பிடிக்கும் கன்ட்ரோலரில் இரண்டு சிறு குச்சிகள் இருக்கும். இடது கட்டைவிரலுக்கு உரிய குச்சி நம்மை நடக்கவைக்கும். வலது கட்டைவிரலுக்கு உரியது நம் பார்வையைத் திருப்பும், அதாவது குறி வைக்கும். உலகில் பெரும்பாலோர் ஆடும் முறை இதுதான். இன்னொரு முறையும் உண்டு. கன்ட்ரோலருக்குள் சுழற்சியை உணரும் கருவி ஒன்று பொதிந்திருக்கிறது. அதை இயக்கிவிட்டால், கையைச் சற்றே திருப்பினால் திரையில் குறியும் அவ்வளவே திரும்பும். என் மைத்துனர் குச்சிக்காரர். நான் கையசைவுக்காரன்.

என் தேர்வுக்குக் காரணம் தொழில்பற்று என்றே இன்றும் நினைக்கிறேன். குச்சியைச் சாய்த்தால் குறி எவ்வளவு வேகத்தில் திரும்ப வேண்டும் என்பதை மட்டுமே பொறிக்குச் சொல்கிறோம்; எங்கே நிற்க வேண்டும் என்பதை, விரலை எடுக்கும் கணத்தைக் கொண்டு நாமே தீர்மானிக்க வேண்டும். கணம் தவறினால் குறி எதிரியைத் தாண்டிப் போய்விடும். கையசைவில் அந்த மொழிபெயர்ப்பு வேலை இல்லை. மனம் நினைத்த கோணத்தை மணிக்கட்டு நேராகவே சொல்லிவிடுகிறது. இதை ஒருநாள் தாளில் படம் வரைந்து மைத்துனருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு நான்கு நிமிடத்தில் என்னை ஏழு முறை வீழ்த்தினார்.

“மச்சான், என்ன இது, சொளகுல அரிசி பொடைக்கிறீங்களா? கல்லு எதும் விழுந்துச்சா?”

“பொடைக்கிறவுகளுக்குத்தான்டா இன்னைக்குச் சோறு. நீ வாய மூடிக்கிட்டு வெளாடு,” என்று அடுப்படியிலிருந்து என் மனைவியின் பதில் வரும்.

“நீங்க கட்டவெரல வச்சு ஒரு மனுசனோட கழுத்தத் திருப்புறீங்க மாப்ள. அதுக்குப் பேரு வர்மம். குறி பாக்குறது இல்ல,” என்பேன்.

“செத்தவுக பேசப்படாது மச்சான். எந்திரிச்சு வந்துட்டுப் பேசுங்க.”

நியாயமாகச் சொன்னால் அவர் முறையிலும் நன்மைகள் இருந்தன. அவர் சோபாவில் சாய்ந்து, கன்ட்ரோலரை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, அரைக்கண்ணால் ஆடுவார். எனக்கோ முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும். அரைமணி நேரத்தில் தோள் வலிக்கும். நிலையாகப் பிடித்திருக்கும்போதே குறி தானாக ஒருபக்கம் நகரத் தொடங்கும், அதைத் திருத்த வேண்டும். ஆனாலும் நான் மாறவில்லை. தோற்பவன் தன் முறையைக் கைவிட்டால் அது முறைக்கே இழுக்கு என்பதுபோல் ஒரு பிடிவாதம். மாலையில் அவர் வில்லாபுரத்துக்குத் திரும்பிய பிறகு என் மனைவி தேநீரை நீட்டிக்கொண்டே, “விடுங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்பாள். அவள் குரலில் ஆறுதல் மட்டுமே இருப்பதாக ஐந்தாண்டும் நம்பினேன்.

கன்சோலின் அமைப்புகளையெல்லாம் அவள்தான் செய்துவைத்தாள். எங்கள் இருவருக்கும் அந்தச் சிற்றெழுத்துகளைப் படிக்கும் பொறுமை இல்லை. ஆளுக்கொரு பக்கம் திறந்து, எனக்கு ‘வாத்தியார்’ என்றும் அவருக்குப் ‘பூக்கடை’ என்றும் பெயரிட்டிருந்தாள்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் அவள் இறந்தாள். நோய் பதினொரு வாரம் இருந்தது. பிறந்த வீட்டுக் கோடியைத் தம்பிதான் கொண்டுவர வேண்டும், கொண்டுவந்தார். பையிலிருந்து சேலையை எடுத்து, இந்த நிறம் அக்காவுக்குப் பிடிக்கும்தானே என்று என்னிடம் கேட்டார். பிடிக்கும் என்றேன். அன்று நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவே.

மாதம் ஒன்று கழிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மறுபடியும் வந்தார். அவர் மனைவி எனக்கும் சேர்த்துச் சமைத்துக் கேரியரில் கொடுத்தனுப்பியிருந்தாள். நான் தொலைக்காட்சியைப் போட்டேன். ஆடினோம். ஆனால் கேலி போயிருந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்துப் பேசலாம் என்பது எங்கள் பக்கத்தில் முறை. அந்த உரிமை இருவருக்கும் நடுவில் நிற்கும் பெண்ணால் வருவது என்பதை நான் யோசித்ததில்லை. அவள் இல்லாதபோது அவர் என்னிடம் ஓர் அதிகாரியிடம் பேசுவதுபோல் பேசினார். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, வாரேன் மச்சான். திரையில் என்னை வீழ்த்திவிட்டு, ஏதோ தவறு செய்தவர்போல் தொண்டையைச் செருமுவார். அவளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அக்கா என்ற சொல்லே எங்கள் இருவருக்கும் நடுவில் வராமல் மாசிவரை நாட்கள் போயின. ஆனாலும் அவர் வருவதை நிறுத்தவில்லை. வாரத்தில் அந்த ஒரு நாள் முற்பகலில் நான் சவரம் செய்துகொள்வதற்கு அது காரணமாக இருந்தது.

மாசியில் ஒரு வேலைநாள் பிற்பகல். என் கன்ட்ரோலரின் குறி வழக்கத்தைவிட மோசமாக இடப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அதைச் சமதளத்தில் வைத்துச் சீர்செய்வதற்கு அமைப்புகளுக்குள் போக வேண்டும். இதுவரை அவள் செய்துவந்த வேலை. அந்த மாதங்களில் அவள் செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டிருந்தேன். இதுவும் ஒன்று என்று உட்கார்ந்தேன். என் பக்கத்தைத் திறப்பதற்குப் பதில் தவறுதலாகப் ‘பூக்கடை’யைத் திறந்துவிட்டேன்.

அங்கே ‘எய்ம் அசிஸ்ட்’ என்று ஒரு வரி இருந்தது. குறித்துணை என்று சொல்லலாம். குறிப்புள்ளி எதிரியை நெருங்கும்போது பொறி அதன் வேகத்தைத் தணிக்கிறது. எதிரி நகர்ந்தால் புள்ளியையும் உடன் சற்று இழுத்துச் செல்கிறது. குச்சியால் ஆடுவோருக்கு இது ஏறக்குறைய இன்றியமையாதது. கட்டைவிரலால் வேகத்தை மட்டுமே சொல்ல முடியும் என்றேனே, அந்தக் குறையை ஈடுசெய்யப் பொறியைச் செய்தவர்களே வைத்த ஏற்பாடு. கையசைவால் ஆடுவோருக்கு இந்தத் துணை கிடையாது. என் பக்கத்தில் அந்த வரி மங்கலாக, தொடமுடியாததாக இருந்தது. தொலைவில் இருக்கும் எதிரியிடம் துணை செயற்படாது என்பது உட்பட, கீழே இருந்த விளக்கம் முழுவதையும் இரண்டு முறை படித்தேன்.

மைத்துனருக்கு அது முழு அளவில் இருந்தது. ஒரு சோதனைக்காகப் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதில் தானாகவே நடுவில் நின்றது. ஆகவே நடுவிலிருந்து கடைசிவரை அதை நகர்த்தியது ஒரு கை. கன்சோலின் அமைப்புகளைத் தொட்ட கை அந்த வீட்டில் ஒன்றுதான்.

நான் அதைப் பூச்சியத்துக்கு நகர்த்தினேன்.

ஆய்வகத்தில் ஒரு கருவி எல்லா அளவையும் ஒரே பக்கமாகத் திரித்துக் காட்டினால், அதைக் கண்டுபிடித்து நீக்குவது என் தொழிலாக இருந்தது. அதைத்தான் செய்கிறேன் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது உண்மையாக இருந்திருந்தால் நடுவில் நிறுத்தியிருப்பேன். உலகம் முழுவதும் குச்சிக்காரர்கள் ஆடும் அளவு அது. பூச்சியம் நியாயத்தின் அளவன்று. ஐந்தாண்டுகள் நான் தோற்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எதனால் தோற்கிறேன் என்று அறிந்துகொண்டே தேநீரை நீட்டியிருக்கிறாள். தம்பிக்காக என்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறாள். இறந்தவளிடம் கேட்க முடியாத ஒன்றை அவள் தம்பியிடமிருந்து பறித்தேன். இதற்குப் பொறாமை என்று பெயர். அன்று அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை ஒருமுறைகூட வீழ்த்தவில்லை. அவருடைய குறி என்னைத் தாண்டிப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடியும் தாண்டிப் போயிற்று. முதலில் பேட்டரியை மாற்றினார். பிறகு என் கன்ட்ரோலரை வாங்கி, தன்னுடையதை எனக்குத் தந்தார். எதுவும் மாறவில்லை, அமைப்பு பெயருடன் போவது, கருவியுடன் போவதன்று. ஒரு கட்டத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வலக்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“மச்சான், பாருங்க. கை ஆடுதா?”

“இல்லையே மாப்ள.”

“ஆடுது. உங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியுது.”

அவர் எதை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். என் மாமனாருக்கு அறுபதில் வலக்கை நடுக்கம் தொடங்கியது. கடைசி ஆண்டுகளில் தம்ளரைப் பிடிக்க முடியாமல், மகன்தான் காப்பியை ஊட்டினார். மைத்துனருக்கு அந்த ஆண்டு அறுபத்தொன்று. தன் கை தந்தையின் கையாகிக்கொண்டிருக்கிறது என்று அவர் நினைத்தார்.

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாக்கியம் போதும். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களில் ஒன்றில் அவள் வர வேண்டும். அவளைச் சொன்னால் ஏன் மாற்றினேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் ஆட்டத்தில் வென்றிருந்தேன், ஐந்தாண்டில் முதன்முறையாக. சாப்பிடலாம் மாப்ள என்று எழுந்தேன்.

மறு ஞாயிறும் அவர் வந்தார். அன்று இன்னும் மோசம், ஏனெனில் இப்போது அவர் விளையாட்டைப் பார்க்காமல் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது, கடையில் கையால் பூ எடுப்பதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். இது சிறு செய்தியன்று. கூடைக்குள் கையைவிட்டு அள்ளினால் கால்கிலோ மல்லிகை சரியாகக் கைக்கு வரும் என்பதில் அவருக்கு உள்ள பெருமையை, என் மனைவி திருமணமான புதிதிலேயே எனக்குச் சொல்லியிருந்தாள். தராசு அவருக்கு வாடிக்கையாளரின் மனநிறைவுக்காகத்தான். இப்போது வேலையாளை எடுக்கச் சொல்லிவிட்டுத் தான் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னார். சோற்றைப் பிசையும் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அன்றும் நான் சொல்லவில்லை.

மூன்றாவது ஞாயிறு பதினொரு மணிக்கு யாரும் வரவில்லை. பன்னிரண்டரைக்கு அவர் மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

“அண்ணே, அவுக இன்னைக்கு வரலண்ணே. உங்ககிட்ட எதும் சொன்னாகளா?”

“என்னம்மா விசயம்?”

“பொழுதன்னைக்கும் கைய நீட்டி நீட்டிப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காகண்ணே. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சுங்கறாக. நாளைக்குச் சாயங்காலம் நரம்பு டாக்டருக்கு டோக்கன் போட்டிருக்கு. கடைய மகன்ட்ட குடுத்துட்டு ஒக்காந்துரப் போறேங்குறாக. எம்புட்டுச் சொல்லியும் கேக்க மாட்டேங்குறாக. நீங்க சொன்னாக் கேப்பாகண்ணே.”

நான் வருகிறேன் என்றேன்.

திங்கட்கிழமை காலை மாட்டுத்தாவணிக்குப் பேருந்தில் போனேன். கல்லூரிக் காலத்தில்கூட மாணவர் முன் பேசப் போவதற்கு இவ்வளவு ஒத்திகை பார்த்ததில்லை. பூச்சந்தையில் முகூர்த்த நாள் கூட்டம். அவர் கடையில், கூடைகளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலக்கை மடியில், துண்டுக்கு அடியில் இருந்தது. வேலையாள் ஒரு பெண்ணுக்குப் பூ நிறுத்துக்கொண்டிருந்தான். தெருவில் சரம் கட்டி விற்கும் பெண். பழைய வாடிக்கை என்று அவள் பேச்சிலேயே தெரிந்தது.

“என்னண்ணே, புதுசா தராசு மேல இம்புட்டுப் பாசம்? நீங்க அள்ளிப் போட்டா ரெண்டு பூ கூட விழுகும். இவன் எண்ணி எண்ணிப் போடுறான்.”

என்னைக் கண்டதும் அவர் எழுந்தார். கூட்டம் தள்ளியது, தனியே பேச இடமில்லை. நின்றபடியே சொன்னேன்.

“மாப்ள, ஒங்க கைக்கு ஒண்ணுமில்ல.”

“அவ போன் பண்ணாளாக்கும்.”

“பண்ணுச்சு. அதுக்காகச் சொல்லல. நான்தான் செஞ்சேன். அந்தப் பெட்டியில ஒண்ண மாத்திட்டேன்.”

துணை என்றால் என்ன, அது எப்படிக் குறியைப் பிடித்து நிறுத்தும் என்பதைச் சொன்னேன். இம்முறை தாளில் படம் வரையவில்லை. அவர் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் விரைவாகப் புரிந்துகொள்பவர். வியாபாரத்தில் அவரை யாரும் ஏமாற்றியதில்லை.

“அப்ப இத்தன வருசமா நா உங்கள அடிச்சதெல்லாம்?”

“கொஞ்சம் நீங்க. கொஞ்சம் அது.”

“எம்புட்டுக் கொஞ்சம்?”

“பிரிச்சுச் சொல்ல முடியாது மாப்ள.”

“அத யாரு வச்சது?”

“ஒங்க அக்கா.”

ஐந்து மாதத்தில் முதன்முறையாக அந்தச் சொல். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்துக் கூடையின் ஈரத்துணியை எடுத்து, உதறி, மறுபடியும் பூவின்மேல் போர்த்தினார். திரும்பியபோது கோபமாக இருந்தார்.

“அக்கா எனக்கு வச்சத எடுக்குறதுக்கு நீங்க யாரு?”

இதற்கு நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த விடை வேறு. முறைசார் பிழை, நடுநிலை என்று ஏதோ. அது வாயில் வரவில்லை.

“எனக்குச் சொல்லலையேன்னு இருந்துச்சு. அதான்.”

பூ வாங்க வந்த பெண் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்புதான் என்று தெரிய எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. அதைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

“மச்சான், நீங்க படிச்சவருன்னு ஊரெல்லாம் சொல்லுறாக. நா தோத்தா வரமாட்டேன். அது அக்காவுக்குத் தெரியும். சின்னதுல கோலிக்குண்டுல தோத்துட்டு மூணு நா வீட்டுப் பக்கம் போகாதவன் நானு. அதுதான் தேடி வந்து கூட்டிட்டுப் போச்சு. நீங்க தோத்தா எங்க போவீங்க? இருக்குறதே அந்த வீட்லதான?”

அந்தப் பெண்தான் முந்திக்கொண்டு சொன்னாள்: “அதான, எங்க போவாக?” எதைப் பற்றிய பேச்சு என்று அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அவர் துண்டைத் தோளில் போட்டார். வேலையாளை விலகச் சொல்லிவிட்டு, வலக்கையைக் கூடைக்குள் விட்டு அள்ளித் தராசுத் தட்டில் போட்டார். கால்கிலோவுக்குப் பத்து கிராம் அதிகம் காட்டியது. கொஞ்சத்தை எடுக்கக் கை நீட்டினார்.

“இருக்கட்டும்ணே, அப்பிடியே கட்டுங்க. தொட்டத எடுக்காதீங்க,” என்று அவள் பையை விரித்துவிட்டாள்.

“பாருங்க மச்சான், உங்களால பத்து கிராம் போச்சு,” என்றார். சொன்ன பிறகு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்து கிராம் இரண்டு வாரம் கையை மடியில் வைத்திருந்ததால் வந்ததா, வேறெதனாலோ வந்ததா என்று அவருக்கு ஐயம் தீரவில்லை என்பதை உணர்ந்தேன். நான் கெடுத்தது கன்சோலில் ஓர் அளவை மட்டுமன்று.

மாலையில் மருத்துவரிடம் நானும் உடன் போனேன். மருத்துவர் கைகளை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னார். நடுக்கம் எதுவும் இல்லை, ஓராண்டு கழித்து வேண்டுமானால் வந்து காட்டுங்கள் என்றார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மைத்துனர், “அவுக என்ன, சுட்டுப் பாத்தாகளா? சுழிதான வரையச் சொன்னாக,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். நான் முந்தின நாளே ‘பூக்கடை’யின் அளவை, அவள் வைத்திருந்தபடியே, கடைசிவரை நகர்த்தி வைத்திருந்தேன். அவர் உட்காரும் முன் அதைத் திரையில் காட்டச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை நெடுநேரம் பார்த்தார். சரி என்றார்.

முதல் குண்டு என்மேல் பட்டதும், வழக்கமான சாய்ந்த நிலையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

“இது நானா, அக்காவா?”

நான் அவர் பாதித் திரையையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். அவருடைய குறிப்புள்ளி என் பக்கத்தில் வந்ததும் தயங்கி, என்னோடு சேர்ந்து கொஞ்சம் நகர்ந்திருந்தது.

“அக்கா,” என்றேன்.

“அப்பிடிப் போடு.” இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் வீழ்ந்தேன். “இது?”

“அக்காதான்.”

“கதவு மறைவுல நின்னீங்கள்ல, அது?”

“அது பாதிக்குப் பாதி.”

“பாருங்க மச்சான், செத்தும் உங்கள விடமாட்டேங்குது.”

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முயன்றேன், முடியவில்லை. கன்ட்ரோலர் கையில் குலுங்கியதால் திரையில் என் பார்வை வானத்துக்கும் தரைக்குமாகப் போய்வந்தது. அவர் அந்த நேரத்தில் இன்னொரு முறை என்னைச் சுட்டார். “இது எங்கக்கா! பொடைக்கிறவருக்குச் சோறு போடுறேன்னு சொன்னவகளே சுட்டுட்டாக!” என்று உரக்கச் சொன்னார். அவர் மூக்கைத் துண்டால் துடைத்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஆட்டம் எங்களுக்காகக் காத்திருக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அவளைப் பற்றிய பேச்சு அதன்பிறகு நிற்கவில்லை. சிறுவயதில் தாயக்கட்டையில் அவள் செய்த தில்லுமுல்லுகளைச் சொன்னார். கணக்கு டீச்சர் ஆனது அதனால்தான் என்றார். எனக்குத் தெரியாத பல செய்திகள். கேட்டுக்கொண்டே ஆடினேன், ஆடிக்கொண்டே தோற்றேன்.

அந்த விளையாட்டின் களத்தில் ஒரு பழைய தண்ணீர்த்தொட்டி உண்டு. ஏணியில் ஏறி அதன் உச்சியில் நின்றால் களம் முழுவதும் தெரியும். நான் அங்கே ஏறி நின்றிருந்தேன். அவர் களத்தின் மறுகோடியில், சுவர் ஒன்றின் ஓரத்தில் இருந்தார். அவ்வளவு தொலைவில் நான் அவர் திரையில் ஓர் எள்ளளவு. அவருடைய குறி மெல்ல மேலே ஏறியது. தாண்டிப் போயிற்று. திரும்பி வந்தது. தயங்கவில்லை, இழுபடவில்லை, எதுவும் அதைப் பிடித்து நிறுத்தவில்லை. கட்டைவிரலை மயிரிழை தளர்த்தினார். சுட்டார். நான் தொட்டியிலிருந்து விழுந்தேன்.

அவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். இம்முறை கேலி இல்லை. வலக்கையை முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இது யாரு மச்சான்?”

“நீங்கதான்.”

“எனக்காகச் சொல்லாதீங்க.”

“அம்புட்டுத் தூரத்துக்கு அது வராது மாப்ள. கொஞ்சங்கூட வராது. நேத்து அதே தொட்டிமேல நானே ஆள நிறுத்தி வச்சுப் பாத்துருக்கேன். இது முழுசும் ஒங்க கைதான்.”

“நெசமா?”

“நெசம்.”

அவர் விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தார். பிறகு கன்ட்ரோலரை எடுத்து, சோபாவின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

“ஏறுங்க திரும்ப. அதே தொட்டி.”

ஏறினேன். உச்சிக்குப் போய், அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று அசையாமல் நின்றேன்.

“நின்னு குடுக்காதீங்க மச்சான்,” என்றார். “ஓடுங்க.”

ஓடினேன்.